வயிறு நிறைகிறது… சத்து சேர்கிறதா?

பள்ளிச் சத்துணவு, காலை உணவு, அங்கன்வாடி, மாணவர் விடுதி எனத் தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான பிள்ளைகள் அரசு சமைத்துப் போடும் சாப்பாட்டில் வளர்கிறார்கள். அதில் இருக்க வேண்டிய சத்து தட்டு வரை வந்து சேர்கிறதா? இதை யார் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது?

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தொடக்கப் பள்ளிக் குழந்தை ஒருவரின் மதிய உணவில் அரிசி 100 கிராம், பருப்பு 20 கிராம், காய்கறி 50 கிராம், எண்ணெய் 5 கிராம் இருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் பள்ளி உணவுத் திட்டமான பிஎம் போஷண் வகுத்துள்ள தேசிய அளவு. மாநிலங்கள் தங்கள் உணவுப் பட்டியலுக்கு ஏற்ப இதை மாற்றி அமைத்துக்கொள்கின்றன. இந்த அளவில் சமைத்தால் குழந்தைக்கு ஏறக்குறைய 475 கலோரியும் 13 கிராம் புரதமும் கிடைக்கும். விதி கேட்பது 450 கலோரி, 12 கிராம் புரதம். கணக்கு சரியாக இருக்கிறது.

இதே சமையலில் பருப்பை மட்டும் பாதியாகக் குறைத்தால் என்ன ஆகும்? கலோரியில் 7 சதவீதம்தான் குறையும். புரதமோ 11 கிராமுக்குக் கீழே இறங்கி, விதி சொல்லும் அளவைத் தொடாமல் நின்றுவிடும். சாம்பாரின் நிறம் மாறாது. மஞ்சளும் மிளகாய்த்தூளும் அதைக் காப்பாற்றிவிடும். சோறு அதே சோறு என்பதால் வயிறும் நிறைந்துவிடும். சாப்பிட்ட குழந்தைக்கும் தெரியாது, பக்கத்தில் நின்ற ஆசிரியருக்கும் தெரியாது, அன்றைக்கே ஆய்வுக்கு வந்த அதிகாரிக்கும் தெரியாது.

பசித்தால் குழந்தை அழும். புரதம் குறைந்தாலோ இரும்புச்சத்து குறைந்தாலோ எந்தக் குழந்தையும் அழுவதில்லை. அந்தக் குறை பல மாதங்கள் கழித்து வகுப்பறைச் சோர்வாகவும், பல ஆண்டுகள் கழித்து எட்டாத உயரமாகவும், ரத்தசோகையோடு பிரசவத்துக்குப் போகும் ஓர் இளம்பெண்ணாகவும் வெளியே வருகிறது. பசிக்கு எதிரான போரில் தமிழ்நாடு பெரும்பகுதி வென்றிருக்கிறது. சத்துக்குறைவை வெல்ல வேண்டுமானால், முதலில் அதைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்தாக வேண்டும்.

நூறாண்டுப் பாதை

பள்ளியில் சோறு போடும் வழக்கத்தில் தமிழ்நாட்டுக்கு நெடிய வரலாறு உண்டு. 1920-ல் பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த காலத்தில், சென்னை மாநகராட்சியின் ஆயிரம் விளக்குப் பள்ளியில் மாணவர்களுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் நிறைவேறியது. ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது அன்றைய வரம்பு. பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவைப்பதே அப்போதைய நோக்கம்.

1956-ல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் எட்டயபுரத்திலிருந்து பரவத் தொடங்கியது. கல்வி இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பொதுமக்களின் பங்களிப்பைத் திரட்டினார். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். முதலில் கிராமப்புறக் குழந்தைகள், அதே ஆண்டு செப்டம்பரில் நகரங்கள், 1984-ல் 15 வயது வரையுள்ள மாணவர்கள் என அது வளர்ந்தது.

கருணாநிதி ஆட்சியில் 1989-ல் இரு வாரங்களுக்கு ஒரு முட்டை வந்தது. அது வாரம் ஒன்றாகி, இரண்டாகி, மூன்றாகி, 2010-ல் வாரம் ஐந்து முட்டையானது. முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் கிடைத்தது. ஜெயலலிதா ஆட்சியில் 2013-ல் கலவை சாதங்களும் மசாலா முட்டையும் தட்டுக்கு வந்தன. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் சென்று, பிறகு அரசு உதவிபெறும் பள்ளிகளையும் எட்டியது.

எந்தக் கட்சி ஆண்டாலும் முந்தைய ஆட்சியின் சோற்றுப் பானையை யாரும் கவிழ்க்கவில்லை. அடுத்து வந்தவர் அதில் இன்னொன்றைச் சேர்த்தார். இந்தியாவில் வேறெந்த நலத்திட்டத்துக்கும் எளிதில் வாய்க்காத பெருமை இது.

முட்டை சொல்லும் பாடம்

இந்த வரலாற்றில் முட்டைக்கு மட்டும் தனி இடம் உண்டு. ஒரு நடுத்தர முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் தரமான புரதம் இருக்கிறது. அதைவிட முக்கியமான ஒன்றும் இருக்கிறது. சாம்பாரில் தண்ணீர் ஊற்றலாம், பொரியலில் கையைச் சுருக்கலாம், எண்ணெயைச் சிக்கனம் பிடிக்கலாம். முட்டையை அப்படிக் குறைக்க வழியில்லை. ஒன்று இருக்கிறதா இல்லையா என்பது ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கே தெரியும். இன்றைக்கு முட்டை வரவில்லை என்று வீட்டில் போய்ச் சொல்லும். வெளிச்சந்தைக்குப் போய்விடாதபடி அரசு முத்திரையும் அதன்மேல் குத்தப்படுகிறது.

முட்டையிலும் எண்ணிக்கை மட்டும் போதாது. அக்மார்க் தரப்படி 45 முதல் 52 கிராம் வரை இருப்பது நடுத்தர முட்டை. 38 முதல் 44 கிராம் வரை இருப்பது சிறியது. நடுத்தரத்துக்கு விலை கொடுத்துச் சிறியதை வாங்கினால், நூறு பிள்ளைகள் உள்ள பள்ளியில் ஒரே நாளில் அரைக் கிலோவுக்கு மேல் முட்டை காணாமல் போகும். ஒரு தராசும் பத்து முட்டையும் இருந்தால் இதை இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

முட்டை தன் காவலைத் தானே செய்துகொள்கிறது. பருப்பையும் காய்கறியையும் எண்ணெயையும் அதேபோல எல்லோரும் பார்த்துக் கணக்கிடக்கூடியவையாக மாற்றுவதுதான் சத்துக் கண்காணிப்பின் சாரம்.

விதிகள் என்ன சொல்கின்றன?

விதிகளுக்குப் பஞ்சமில்லை. 2001 நவம்பர் 28 அன்று, உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் இடைக்கால ஆணை பிறப்பித்தது. அரசு மற்றும் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளில் ஒவ்வொரு குழந்தைக்கும் குறைந்தது 300 கலோரியும் 8 முதல் 12 கிராம் வரை புரதமும் உள்ள சமைத்த உணவைக் கொடுக்க வேண்டும் என்றது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013-ல் வந்தபோது தொடக்கப் பள்ளிக்கு 450 கலோரி, 12 கிராம் புரதம் எனவும், நடுநிலை வகுப்புகளுக்கு 700 கலோரி, 20 கிராம் புரதம் எனவும் அளவுகள் சட்டத்திலேயே இடம்பெற்றன. அன்று முதல் பள்ளிச் சாப்பாடு குழந்தையின் சட்டபூர்வ உரிமை.

அதே 2013-ல்தான் அந்தக் கொடுமையும் நடந்தது. ஜூலை 16 அன்று பீகாரின் சாரண் மாவட்டத்தில், கண்டாமன் கிராமப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் பூச்சிக்கொல்லி கலந்திருந்தது. பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன் பெரியவர்கள் ருசிபார்க்க வேண்டும் என்ற நடைமுறை ஏட்டோடு நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதை நாடு அன்று கண்டது.

2015-ல் மத்திய அரசு மதிய உணவு விதிகளை வெளியிட்டது. மாதத்துக்கு ஒரு முறையேனும், குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த பள்ளிகளிலும் மையச் சமையற்கூடங்களிலும் உணவு மாதிரி எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்கின்றன அவை. சத்தின் அளவும் தரமும் விதிப்படி இருக்கின்றனவா என்பதை அந்தச் சோதனை சொல்ல வேண்டும்.

விதி நல்ல விதி. ஆனால் தமிழ்நாட்டில் 43 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சத்துணவு மையங்களும் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடிகளும் இருக்கின்றன. ஆய்வகத்தை மட்டும் காவலுக்கு நிறுத்தினால் பெரும்பாலான பானைகளின் பக்கம் அது எட்டிக்கூடப் பார்க்காது. சோதனை முடிவு கோப்போடு நின்றுவிட்டால், பருப்பு குறைந்தது சமைத்தவருக்குத் தெரியாது. சாப்பிட்ட பிள்ளையின் தாய்க்கும் தெரியாது. மாதிரி எடுத்த பள்ளியின் அறிவிப்புப் பலகையிலேயே அந்த முடிவு ஒட்டப்பட வேண்டும்.

சத்து எங்கே கசிகிறது?

கிடங்கிலிருந்து பிள்ளையின் வாய் வரை உள்ள வழியில் சத்து பல இடங்களில் கசிகிறது. எல்லாவற்றையும் திருட்டு என்று சொல்லிவிட முடியாது. பலவும் அறியாமையாலும் பணமின்மையாலும் நேருபவை.

முதல் இடம் காசு. 2025 மே முதல், பிஎம் போஷண் திட்டத்தில் ஒரு வேளைக்கான பொருட்செலவு தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு 6 ரூபாய் 78 காசு. நடுநிலை மாணவருக்கு 10 ரூபாய் 17 காசு. அரிசி தனியாக வந்துவிடும். பருப்பு, காய்கறி, எண்ணெய், தாளிப்புப் பொருள், எரிபொருள் எல்லாம் இதற்குள்தான் அடங்க வேண்டும். மாநில அரசு தன் கையிலிருந்து போடுவதால்தான் தமிழ்நாட்டில் முட்டையும் காலை உணவும் சாத்தியமாகின்றன. அப்படியும் தக்காளியும் வெங்காயமும் விலை ஏறும் மாதங்களில் முதல் வெட்டு விழுவது காய்கறியின் மேல்தான். சந்தை விலை ஏறும்போது காய்கறிக்கான தொகையும் உடனே ஏறவில்லை என்றால், சத்துணவு அமைப்பாளரைக் கேள்வி கேட்டுப் பயனில்லை.

இரண்டாவது இடம் அடுப்பு. தண்ணீரை நிறைய வைத்துச் சோறாக்கி, கஞ்சியை வடித்துக் கொட்டினால் நீரில் கரையும் பி வகை வைட்டமின்கள் அதோடு போய்விடும். கீரையை நறுக்கிய பின் அலசினாலும் இதே கதிதான். இந்தியாவின் ஊட்டச்சத்து அறிவியல் பிறந்ததே நம் நீலகிரியில். 1918-ல் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் சிறிய அளவில் தொடங்கிய பெரிபெரி ஆய்வுப் பிரிவுதான் வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. பி1 வைட்டமின் குறைவால் வரும் நோய் பெரிபெரி. குன்னூர் ஆய்வுக்கூடத்தில் நூறாண்டுகளுக்கு முன் தொடங்கிய அந்த அறிவு, இன்று ஒவ்வொரு சத்துணவுக் கூடத்தின் அடுப்படியிலும் இருந்தாக வேண்டும்.

செறிவூட்டப்பட்ட அரிசி இதற்கு நல்ல உதாரணம். நூறு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு என்ற அளவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்த அரிசிமணிகளைக் கலப்பதே செறிவூட்டல். அந்த மணிகள் நிறத்திலும் எடையிலும் சற்று வேறுபட்டுத் தெரியும். கழுவும்போது சில மிதக்கும். பிளாஸ்டிக் அரிசி என்று பயந்து அவற்றைப் பொறுக்கி எறிந்தவர்கள் உண்டு. இது என்ன, ஏன் மிதக்கிறது என்று சமையலருக்கு யாராவது ஐந்து நிமிடம் உட்கார்ந்து சொல்லியிருந்தால் அந்தச் சத்து குப்பைக்குப் போயிருக்காது. அதேபோல, தலசீமியா போன்ற ரத்தக் கோளாறு உள்ள குழந்தைக்கு இரும்பு சேர்த்த உணவு மருத்துவரின் ஆலோசனைப்படிதான் தரப்பட வேண்டும் என்பதும் பள்ளிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது இடம் தட்டு. ஏட்டில் எழுதிய 50 கிராம் காய்கறி சமைக்கப்பட்டு, பரிமாறப்பட்டு, அதில் பாதி கழிவு வாளிக்குப் போனால் பிள்ளைக்குச் சேர்ந்தது 25 கிராம்தான். எந்த நாளில் எந்தப் பண்டம் அதிகம் மிஞ்சுகிறது என்று வாளியை வாரம் ஒரு முறை நிறுத்துப் பார்த்தாலே போதும். பொரியலைப் பிள்ளைகள் ஒதுக்குகிறார்கள் என்றால் அதைச் சாம்பாரிலோ கலவை சாதத்திலோ மசித்துச் சேர்க்கலாம். காரம் கூடிவிட்டதா, நேரம் போதவில்லையா, கை கழுவக் குழாய் வரிசை நீள்கிறதா என்பதையும் அந்த வாளி சொல்லிவிடும்.

உடம்பு காட்டும் கணக்கு

நான்காவதாகப் பார்க்க வேண்டியது குழந்தையின் உடம்பு. 2019–21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 25 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். இந்திய அளவில் இது 35.5 சதவீதம். நாம் முன்னே நிற்கிறோம்தான். ஆனாலும் நான்கில் ஒரு குழந்தை என்பது நிம்மதி கொள்ளும் கணக்காகாது. ரத்தசோகை நம்மைத் திடுக்கிட வைக்க வேண்டும். அதற்கு முந்தைய ஆய்வில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்கு உட்பட்ட தமிழ்நாட்டுக் குழந்தைகளில் 50.7 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இந்த ஆய்வில் அது 57.4 சதவீதமாக உயர்ந்திருக்கிறது.

அளக்கும் முறையைப் பற்றியும் நிபுணர்களிடம் விவாதம் உண்டு. குடும்பநல ஆய்வு விரல்நுனியில் குத்தி எடுத்த ரத்தத்தைச் சோதித்தது. 2016–18-ல் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வு சிரையிலிருந்து எடுத்த ரத்தத்தைச் சோதித்தபோது, இந்திய அளவில் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களில் 41 சதவீதம், ஐந்து முதல் ஒன்பது வயதினரில் 24 சதவீதம், பதின்வயதினரில் 28 சதவீதம் என்று வந்தது. எந்த முறையில் அளந்தாலும் எண்ணிக்கை பெரிதுதான். கண்காணிக்கும் கருவியும் நம்பகமாக இருக்க வேண்டும் என்பதும் இதில் தெளிவாகிறது.

அங்கன்வாடியில் குழந்தையை எடை போட்டு, உயரம் அளந்து, போஷண் டிராக்கர் செயலியில் ஏற்றுகிறார்கள். தமிழக அரசு 2022-ல் தொடங்கிய 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டம், எடை மிகக் குறைந்த குழந்தைகளைக் கண்டறிந்து தனிச் சத்துணவும் சிகிச்சையும் கொடுக்கிறது. அளவெடுத்தல், கண்டறிதல், உணவு, மறுபடி அளவெடுத்தல் என்று சுற்று முழுமை பெறும் இடம் அது.

பிள்ளை பள்ளியில் சேர்ந்ததும் இந்தச் சுற்று தளர்கிறது. சத்துணவு சமூக நலத்துறையின் கையில். வகுப்பறை கல்வித்துறையின் கையில். மாணவரைப் பரிசோதிப்பதும் உணவு மாதிரி எடுப்பதும் சுகாதாரத்துறையின் கையில். ஒவ்வொரு துறையும் தன் பதிவேட்டைத் தான் எழுதுகிறது. ஒரு பள்ளியின் சாப்பாட்டுக் கணக்கையும் அதே பள்ளிப் பிள்ளைகளின் உயரம், எடை, ரத்தசோகைக் கணக்கையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் பொறுப்பு யாருக்கு என்பது தெளிவாக வேண்டும். தமிழ்நாட்டின் 388 ஊராட்சி ஒன்றியங்களிலும் ஒன்றியத்துக்கு ஓர் ஊட்டச்சத்து வல்லுநரை நியமித்து அந்தப் பொறுப்பை ஒப்படைக்கலாம். மனையியலும் ஊட்டச்சத்தும் படித்த பெண்கள் இந்த மாநிலத்தில் ஏராளம்.

விடுதியும் பொது நிறுவனம்தான்

பள்ளியில் ஒரு வேளை, இரு வேளைதான். அரசு மாணவர் விடுதியில் மூன்று வேளையும் அரசுச் சாப்பாடுதான். 2023-ல் விடுதிப் பள்ளி மாணவர்களுக்கான உணவுத் தொகை மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,400 ஆகவும், கல்லூரி மாணவர்களுக்கு 1,100 ரூபாயிலிருந்து 1,500 ஆகவும் உயர்த்தப்பட்டது. நல்ல உயர்வு. பள்ளி மாணவர் கணக்கில் அது நாளொன்றுக்கு ஏறக்குறைய 47 ரூபாய்.

உடம்பு வேகமாக வளரும் பதின்வயதில் பிள்ளைகள் இந்த விடுதிகளில் இருக்கிறார்கள். பெண்பிள்ளைகளுக்கு மாதவிடாயால் இரும்புச்சத்தின் தேவை கூடும் வயதும் அதுதான். பெரும்பாலோர் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள். சாப்பாடு சரியில்லை என்று சொன்னால் விடுதியை விட்டு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் அவர்களுக்கு உண்டு. அதனால் விடுதிகளுக்குத்தான் கண்காணிப்பு இன்னும் கூடுதலாகத் தேவை. மாணவர்களே தேர்ந்தெடுக்கும் உணவுக் குழு, பெயர் சொல்லாமல் புகார் தரும் வழி, தொகையை ஆண்டுதோறும் விலைவாசியோடு சேர்த்து உயர்த்துவது ஆகிய மூன்றும் வேண்டும். நோயாளிகள், கைதிகள், முதியோர் இல்லவாசிகள் என அரசின் சமையலை நம்பி வாழ்பவர்கள் அனைவருக்கும் இதே நியாயம் பொருந்தும்.

மற்றவர்கள் எப்படிச் செய்கிறார்கள்?

பிரேசிலின் 2009-ஆம் ஆண்டுப் பள்ளி உணவுச் சட்டப்படி, உணவுப் பட்டியலைத் தயாரிக்கும் பொறுப்பு தகுதிபெற்ற ஊட்டச்சத்து வல்லுநருடையது. மத்திய நிதியில் குறைந்தது 30 சதவீதத்தைச் சிறு குடும்ப விவசாயிகளிடம் பொருள் வாங்கச் செலவிட வேண்டும் என்றும் அந்தச் சட்டம் வந்தபோது விதித்தது. பெற்றோர், ஆசிரியர், மாணவர், பொதுமக்கள் பிரதிநிதிகள் அடங்கிய பள்ளி உணவுக் குழு கணக்கைச் சரிபார்க்கிறது. குழு கணக்கை ஏற்கவில்லை என்றால் நிதியே நிறுத்தப்படலாம். சாப்பிடும் பிள்ளையின் பெற்றோருக்கு உண்மையான அதிகாரம் கிடைக்கும் இடம் அது.

ஜப்பானில் 1996-ல் சகாய் நகரப் பள்ளிகளில் பெரும் உணவு நச்சுப் பரவல் ஏற்பட்ட பிறகு நடைமுறைகள் இறுகின. சமைத்த ஒவ்வொரு பண்டத்திலும் 50 கிராம் எடுத்து, உறைநிலைக்குக் கீழே 20 டிகிரியில் இரண்டு வாரம் பாதுகாக்கிறார்கள். பிள்ளைகளுக்கு முன்பாகப் பள்ளியின் பொறுப்பாளர் ஒருவர் சாப்பிட்டுப் பார்க்கிறார். 2005 முதல் ஊட்டச்சத்து ஆசிரியர் என்ற பணியிடமும் அங்கே உண்டு. சாப்பாட்டு நேரம் பிள்ளைகளுக்குப் பாட நேரமாகவும் இருக்கிறது.

பலகையில் எழுதுங்கள்

நம்மிடம் இருப்பதை வைத்தே நாளைக்கே தொடங்கக்கூடிய காரியம் ஒன்று உண்டு. ஒவ்வொரு சத்துணவுக் கூடத்தின் வாசலிலும் ஒரு கரும்பலகை. உள்ளே சரிபார்த்து முத்திரையிட்ட ஒரு மின் தராசு. சமைக்கும் முன் பலகையில் நான்கு வரி எழுத வேண்டும். அறுபது பிள்ளைகள் என்றால் தேசிய அளவின்படி அரிசி 6 கிலோ, பருப்பு 1 கிலோ 200 கிராம், காய்கறி 3 கிலோ, எண்ணெய் 300 கிராம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையே பெருக்கிச் சரிபார்த்துவிடும். பள்ளி மேலாண்மைக் குழுவிலிருந்து ஒரு தாய் வாரம் ஒரு நாள் வந்து, பலகையில் இருப்பதும் தராசில் நிற்பதும் ஒன்றா என்று பார்க்கட்டும். பருப்பும் அன்று முதல் முட்டையைப்போல எண்ணக்கூடியதாகிவிடும்.

காலை உணவுத் திட்டத்தில் இந்த எண்ணத்தின் ஒரு பகுதி ஏற்கெனவே இருக்கிறது. ஊரகப் பகுதிகளில் சமைக்கும் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்களைத் தேர்ந்தெடுக்கும்போது, அவர்கள் பிள்ளை அதே பள்ளியில் படிக்க வேண்டும் என்பது வழிகாட்டுதலில் உண்டு. தன் பிள்ளையும் சாப்பிடப்போகும் பானையில் எந்தத் தாயும் கையைச் சுருக்கமாட்டாள்.

இந்த வேலையைச் சமையலர்களுக்கு எதிரானதாக ஆக்கிவிடக் கூடாது. விடிந்ததும் வந்து, புகையிலும் வெக்கையிலும் நின்று, குறைந்த ஊதியத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சமைப்பவர்கள் அவர்கள். ஓர் அமைப்பாளர் ஒன்றுக்கு மேற்பட்ட மையங்களைப் பார்க்க நேரும்போது, காலிப் பணியிடங்கள் நிரம்பாமல் கிடக்கும்போது, எந்தப் பதிவேடும் தரத்தைக் காப்பாற்றாது. சரியான எடையில் பொருள் வந்து சேர்வதும், காய்கறித் தொகை முன்பணமாகக் கிடைப்பதும், ஆண்டுக்கொரு முறை நல்ல பயிற்சி பெறுவதும் அவர்களின் உரிமை. அந்தத் தராசு அவர்களுக்கும் காவல். குறைந்த எடையில் மூட்டை வந்தால் அதை எழுதி வைக்க அவர்களுக்கு ஓர் ஆதாரம் கிடைக்கிறது.

உங்கள் பிள்ளையோ பேரப்பிள்ளையோ அரசுப் பள்ளியில் படித்தால், அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இன்று எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை கிலோ பருப்பு போட்டீர்கள்? கழிவு வாளியில் என்ன மிஞ்சியது? போன ஆண்டைவிட இந்த ஆண்டு பிள்ளைகளின் உயரமும் எடையும் எவ்வளவு கூடியிருக்கிறது? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்த பள்ளியில் சத்து தட்டுக்கு வந்தே தீரும். கேட்கும் உரிமையைச் சட்டம் 2013-லேயே உங்களுக்குக் கொடுத்துவிட்டது.